மனநோயிலிருந்து தேறி வருபவரை வெளியே அழைத்துச் செல்லும்போது தவிர்க்க வேண்டியவை

மனச்சிதைவு (ஸ்கிட்சோஃப்ரினியா), மனநிலை அளவுக்கு மீறி ஏறியும் இறங்கியும் அலைக்கழிக்கும் இருமுனைக் கோளாறு போன்றவற்றிலிருந்து தேறி வருபவருக்கு மாலை நடை, பூப்பந்து, தோட்ட வேலை எல்லாமே கைகொடுக்கும். தூக்கம் சீராகும், மருந்தால் ஏறும் எடை ஓரளவு கட்டுப்படும், நாலு பேர் முகம் பார்க்கக் கிடைக்கும். ஆனால் வீட்டார் நல்லெண்ணத்தில் செய்யும் சில காரியங்களால் இரண்டாம் நாளே அவர் வாசல் தாண்ட மறுத்துவிடுகிறார்.

எனக்கு மிகவும் கவலை தருவது வெயில்தான். மனச்சிதைவுக்கான குளோர்புரோமசின் மாத்திரை எடுப்பவரின் தோல் வெயிலில் எளிதாகக் கருகிவிடும். கைநடுக்கத்துக்காகத் தரும் டிரைஹெக்ஸிபெனிடில் வியர்வையைக் குறைப்பதால் உடல்சூடு தணியாது. இருமுனைக் கோளாறுக்குத் தரும் லித்தியம் மாத்திரையில் ஆபத்து வேறு மாதிரி. வியர்த்து வியர்த்து நீரும் உப்பும் குறைந்தால், சிறுநீரகம் லித்தியத்தை வெளியேற்றாமல் தேக்கிக்கொள்ளும். இரத்தத்தில் அதன் அளவு ஏறிவிடும். கை வழக்கத்தைவிட அதிகமாக நடுங்கினாலோ, வாந்தி, வயிற்றுப்போக்கு, நாக்குழறல், தள்ளாட்டம் தெரிந்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். உடல் இளைக்கட்டும் என்று திடீரென உப்பைக் குறைப்பதும் இதே சிக்கலில் கொண்டுபோய் விடும். கோடையில் விடிகாலையிலோ வெயில் தாழ்ந்த பிறகோ கிளம்புங்கள். தண்ணீர் கையில் இருக்கட்டும். வெயிலுக்குப் பயந்து மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

அடுத்தது, "சும்மா படுத்தே கிடக்கிறாயே" என்ற ஏச்சு. எதிலும் நாட்டம் எழாமல் போவது மனச்சிதைவின் அறிகுறிகளில் ஒன்று; அதைச் சோம்பேறித்தனம் என்பது அநியாயம். தெருமுனைத் தேநீர்க் கடை வரை போய் வந்தாலே அன்றைக்குப் போதும். எடுத்த எடுப்பில் ஞாயிற்றுக்கிழமை மாலை மெரினாவுக்கு இழுத்துக்கொண்டு போனால் அந்தக் கூட்டமும் இரைச்சலும் அவரைத் திணறடித்துவிடும். எங்கே போவது, எப்போது திரும்புவது என்பதை அவரே சொல்லட்டும்.

மாறாக, ஒருவர் உட்காரவே முடியாமல் ஓயாமல் நடந்துகொண்டே இருந்தால் அதை உற்சாகம் என்று எண்ணி மகிழ வேண்டாம். மனச்சிதைவுக்கான மருந்துகள் சிலருக்கு அப்படி ஒரு தவிப்பை உண்டாக்கும். மருத்துவரிடம் சொன்னால் அளவையோ மருந்தையோ மாற்றித் தருவார்.

"சொன்ன பேச்சைக் கேட்டால்தான் வெளியே கூட்டிப்போவேன்" என்று மிரட்டுவதும் கூடாது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநல நிறுவனங்களில் இருப்பவர்களுக்குப் பொழுதுபோக்கு வசதியை உரிமையாகவே வைத்திருக்கிறது. உங்கள் வீட்டவர் மறுவாழ்வு இல்லத்தில் இருந்தால், வாரத்தில் எத்தனை நாள் வெளியே அழைத்துச் செல்கிறார்கள் என்று தயங்காமல் கேளுங்கள்.