சரக்கொன்றைக் கன்று நடுவது எப்படி?

வீட்டில் ஒரே ஒரு பூமரத்துக்குத்தான் இடம் இருக்கிறது என்று யாராவது கேட்டால், யோசிக்காமல் சரக்கொன்றை என்பேன். கோடையில் இலை உதிர்ந்து, கிளையெல்லாம் மஞ்சள் சரம் தொங்கும். நட்ட முதல் இரண்டு வருடம் வேரைக் கவனித்துக்கொண்டால் போதும், பிறகு தானே பார்த்துக்கொள்ளும்.

இடம்: நாள் முழுக்க வெயில் படவேண்டும். மரம் 10 மீட்டருக்கு மேலும் வளரக்கூடியது. அதனால் சுவரிலிருந்து பத்துப் பன்னிரண்டு அடி தள்ளி, மேலே மின்கம்பி போகாத இடமாகப் பாருங்கள்.

கன்று: நர்சரியில் ஆள் உயரக் கன்றைப் பார்த்தால் ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் சின்னப் பையில் வெகுநாள் நின்ற கன்றுக்கு வேர் உள்ளேயே சுற்றிச் சுற்றி வளர்ந்திருக்கும். 2 அல்லது 3 அடிக் கன்றே நல்லது, மண்ணில் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும்.

குழி: தமிழ்நாட்டில் ஆவணி, புரட்டாசியில் நட்டால் ஐப்பசி மழை பாதி வேலையைச் செய்துவிடும். நீளம், அகலம், ஆழம் மூன்றும் 2 அடி. தோண்டியதும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். மறுநாளும் வற்றாமல் நின்றால் வேறு இடம் பாருங்கள், வேறு இடமே இல்லையென்றால் மண்ணை மேடாக்கி அதன்மேல் நடுங்கள். தேங்கும் நீரில் கொன்றையின் வேர் அழுகிவிடும். மேல்மண்ணோடு மூன்றில் ஒரு பங்கு மக்கிய தொழு உரமும், இரண்டு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கும் கலந்து குழியை நிரப்பி, மிதித்து, நீர் விட்டு இறுக விடுங்கள். இறுகாத மண்ணில் நட்டால் கன்று பிறகு கீழே இறங்கிவிடும்.

நடுதல்: பையை பிளேடால் கீறி எடுங்கள். தண்டைப் பிடித்து இழுக்கவே கூடாது. வெளியே சுருண்டிருக்கும் வேரை விரலால் மெதுவாகப் பிரித்துவிடுங்கள். பையில் மண் எந்த மட்டத்தில் இருந்ததோ, தரையிலும் அதே மட்டம். உறுதியாக நிற்கட்டும் என்று தண்டை ஆழப் புதைத்தால் பட்டை அழுகும், கன்று ஏன் வாடுகிறது என்றே தெரியாது. சுற்றி மண்ணை அழுத்தி, வட்டப்பாத்தி கட்டி, நன்றாக ஊறும்வரை தண்ணீர் விடுங்கள்.

அப்புறம், வேர்மண்ணைக் குத்தாமல் சற்றுத் தள்ளி ஒரு முட்டுக்கொம்பு. பழைய துணிப்பட்டையால் எட்டு வடிவத்தில் தளர்வாகக் கட்டுங்கள். கம்பி வேண்டாம், தண்டை அறுக்கும். ஆடு மாடு வரும் இடமென்றால் வேலியும் வேண்டும்.

தண்ணீர்: தினமும் கொஞ்சம் தெளித்தால் வேர் மேலேயே நின்றுவிடும். வாரம் இரண்டு முறை, கோடையில் ஒருநாள் விட்டு ஒருநாள், ஆழமாக ஊறும்படி விடுங்கள். மழை பெய்தால் தேவையில்லை. காய்ந்த இலையை 3 அங்குலம் மூடாக்காகப் போடுங்கள், தண்டை ஒட்டாமல் ஒரு சாண் விட்டு.

புழு: இளம் இலையைப் பச்சைப் புழுக்கள் தின்பதைப் பார்த்ததும் மருந்தைத் தேடாதீர்கள். பெரும்பாலும் அவை வெளிர்மஞ்சள் வண்ணத்துப்பூச்சியின் புழுக்கள். நன்றாக வேர் பிடித்த கன்று மீண்டும் துளிர்க்கும், பூச்சிகளும் உங்கள் தோட்டத்திலேயே பறக்கும்.

முதல் வருடம் கவாத்து, அதாவது கிளை வெட்டுவது, வேண்டாம், காய்ந்த குச்சியை மட்டும் எடுங்கள். பிறகு தாழ்ந்த பக்கக் கிளைகளைக் கொஞ்சம் கொஞ்சமாக நீக்கலாம். பூக்கத் தொடங்க சில வருடங்கள் ஆகும். அவசரப்பட்டு யூரியா போட்டால் இலைதான் கூடும். பூக்க ஆரம்பித்தபின் கவாத்து செய்வதாக இருந்தால், பூ முடிந்த கையோடு செய்துவிடுங்கள்.