கிராங்க் சென்சார் வயரிங்: இன்ஜினை ஸ்டார்ட் செய்யும் முன் பார்க்க வேண்டியவை

ஸ்பீடுயினோ மாதிரி தனி ஈசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) பொருத்தியும் இன்ஜின் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால், பலரும் முதலில் ஃபியூயல் மேப்பைத்தான் (எப்போது எவ்வளவு பெட்ரோல் என்ற அட்டவணை) நோண்டுகிறார்கள். கிராங்க் எந்த நிலையில் இருக்கிறது என்பதே தெரியாத ஈசியூவுக்கு எந்த மேப்பும் உதவாது. அந்த நிலையைச் சொல்வது கிராங்க் சென்சார்; முதலில் அதன் வயரைப் பாருங்கள்.

இன்ஜெக்டர் ஃப்யூஸ், இக்னிஷன் காயில் கனெக்டர் இரண்டையும் கழற்றிவிடுங்கள். சோதிக்கும்போது பெட்ரோலும் ஸ்பார்க்கும் வரவே கூடாது.

1. சென்சார் எந்த வகை? இரண்டு பின் இருந்தால் பெரும்பாலும் விஆர் (காந்தமும் காயிலும் கொண்டு தானே வோல்டேஜ் தரும் வகை). மூன்று பின் இருந்தால் ஹாலாக (சப்ளை கொடுத்தால்தான் வேலை செய்யும் வகை) இருக்கலாம், ஷீல்டோடு (இரைச்சலைத் தடுக்கும் உறை) வரும் விஆராகவும் இருக்கலாம். பின் எண்ணிக்கையை மட்டும் நம்பாமல் பார்ட் நம்பரை வைத்து டேட்டாஷீட்டைப் பார்த்துவிடுங்கள்.

2. விஆர் என்றால், ஈசியூ பக்கத்து பிளக்கைக் கழற்றி அங்கேயே ஓம்ஸ் அளக்கவும். அப்போதுதான் சென்சாரோடு வயரும் சேர்ந்து சோதனைக்கு வரும். பொதுவாகச் சில நூறு ஓம் முதல் 1,500 ஓம் வரை காட்டும். மீட்டரைப் பார்த்தபடியே வயரிங்கை அங்கங்கே அசைத்துப் பாருங்கள். எண் குதித்தால் உள்ளே வயர் அறுந்திருக்கிறது, அல்லது பின் தளர்ந்திருக்கிறது. இரு வயரில் எதுவும் பாடியோடு தொடர்பு காட்டக் கூடாது. பிறகு மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து கிராங்க் செய்யுங்கள் (ஸ்டார்ட்டரால் இன்ஜினைச் சுற்றுங்கள்). அரை வோல்ட்கூட வரவில்லையா? ஃபீலர் கேஜ் விட்டு, சென்சாருக்கும் கிராங்கோடு சுற்றும் பல் சக்கரத்துக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். 1 மி.மீ.யை ஒட்டி இருந்தால் சரி.

3. ஹால் என்றால் ஓம்ஸ் அளக்க வேண்டாம். இக்னிஷனை ஆன் செய்து சப்ளை பின்னில் 5 அல்லது 12 வோல்ட் (டேட்டாஷீட்டில் உள்ளபடி) வருகிறதா, எர்த் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். கனெக்டரை மாட்டி, ஸ்பேனரால் கிராங்கை மெதுவாகச் சுற்றினால் சிக்னல் வயரில் வோல்டேஜ் ஏறி இறங்க வேண்டும். எப்போதும் 0 என்றால் புல்-அப் ரெசிஸ்டரைச் (சிக்னல் வயரை சப்ளையோடு இணைப்பது) சந்தேகியுங்கள்.

4. ஷீல்டை ஈசியூ முனையில் மட்டும் எர்த் செய்யுங்கள். இரண்டு முனையிலும் செய்தால் எர்த் லூப் உருவாகி இரைச்சல் ஏறும். சென்சார் வயரை ஸ்பார்க் பிளக் வயர்களை ஒட்டிக் கொண்டுபோகாதீர்கள்.

5. விஆர் வயர்கள் இடம் மாறியிருக்கின்றனவா? வோல்ட் மீட்டர் இதைக் காட்டிக்கொடுக்காது. அதனால்தான் பலர் இங்கே சிக்குகிறார்கள். ட்யூனர்ஸ்டுடியோ மென்பொருளில் டூத் லாகரை (பல்லுக்குப் பல் ஆகும் நேரத்தைக் கோடுகளாகக் காட்டுவது) ஓடவிட்டு கிராங்க் செய்யுங்கள். 36-1 சக்கரத்தில் (36 பல்லுக்கான இடத்தில் ஒரு பல் இல்லாதது) சரியான வயரிங் என்றால், சுற்றுக்கு ஒரே ஒரு கோடு மற்றவற்றைவிட இரு மடங்கு உயரமாக நிற்கும். வயர் மாறியிருந்தால் ஒன்றரை மடங்கில் இரண்டு கோடுகள் பக்கத்துப் பக்கத்தில் வரும். அப்போது வயரையே மாற்றுங்கள். மென்பொருளில் எட்ஜை (சிக்னல் ஏறும் அல்லது இறங்கும் விளிம்பு) மாற்றிச் சமாளிக்காதீர்கள்: விஆர் கண்டிஷனர் (சென்சார் சிக்னலை ஈசியூவுக்கு ஏற்றதாக மாற்றும் சர்க்யூட்) ஒரு விளிம்பைத்தான் துல்லியமாகத் தரும்.

எல்லாம் சரியானதும் கழற்றியதை மாட்டி இன்ஜினை ஓட்டுங்கள். ஸ்பார்க் டைமிங்கை மென்பொருளில் 10 டிகிரியில் பூட்டி, டைமிங் லைட் அடித்து, 3,000 ஆர்பிஎம் வரை ஏற்றிப் பாருங்கள். கிராங்க் புல்லியில் உள்ள டைமிங் குறி அசையாமல் நின்றால்தான் அடுத்து மேப்.