அடீனியம் வளர்ப்பு: கிழங்கு அழுகாமல் பூக்க வைப்பது எப்படி?

என் முதல் அடீனியத்தை நான் தண்ணீர் ஊற்றியே கொன்றேன். ஒரு புரட்டாசி மாதம் நர்சரியில் 350 ரூபாய்க்கு வாங்கி வந்த செடி. அடிக்கிழங்கு கைக்குழந்தையின் தொடை மாதிரி மடிப்பு மடிப்பாக இருக்கும். மேலே நான்கு கிளை, ஏழெட்டு ரோஸ் நிறப் பூ. ஐப்பசி மழை ஆரம்பித்த இரண்டாவது வாரத்தில் இலை மஞ்சளாகி உதிர்ந்தது. கிழங்கை அமுக்கிப் பார்த்தேன், மெத்தென்று உள்ளே போனது. சரி, தாகம்போல என்று நினைத்து ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றினேன். மறுநாள் இன்னொரு சொம்பு. நான்காம் நாள் தொட்டியை நகர்த்தலாம் என்று செடியைப் பிடித்தால், செடி மட்டும் கையோடு வந்துவிட்டது. அடியில் வேரே இல்லை. புளித்துப்போன மாவு வாடை.

இன்று தாம்பரம் பக்கத்தில் உள்ள எங்கள் வீட்டு மொட்டை மாடியில் 22 தொட்டி அடீனியம் நிற்கிறது. அந்த ஒரு சொம்புத் தண்ணீரைப் பற்றிச் சொல்லத்தான் இந்தப் பதிவு. மற்றதெல்லாம் கூடவே வரும்.

எந்தச் செடி வாங்குவது

பாலைவன ரோஜா என்று பெயர் வைத்து விற்கிறார்கள். ரோஜாவுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. இது அரளியின் உறவுக்காரச் செடி. நந்தியாவட்டை, நித்தியகல்யாணி எல்லாம் ஒரே குடும்பம். ஏமனில் செடி சேகரிக்கப் போய் 1763-ல் அங்கேயே இறந்துபோன பீட்டர் ஃபோர்ஸ்கால் என்ற தாவரவியலாளரின் குறிப்புகள் 1775-ல் புத்தகமாக வந்தன. அதில் இதை அரளி இனத்திலேயேதான் சேர்த்திருக்கிறார். அடீனியம் என்ற தனிப்பெயர் பிறகு வந்தது, ஏடன் துறைமுகத்தை வைத்து.

உறவு அரளியோடு என்பதால் பாலும் அரளிப்பால்தான். ஆப்பிரிக்காவில் சில இடங்களில் அம்பு நுனியில் தடவ இதன் சாற்றைக் காய்ச்சியிருக்கிறார்கள். வெட்டும்போது கையுறை போடுங்கள், கண்ணைக் கசக்காதீர்கள். தவழும் குழந்தையும் ஆடும் எட்டாத இடத்தில் வையுங்கள்.

கடையில் இரண்டு வகை இருக்கும். அடுக்கு இதழ், கறுஞ்சிவப்பு, மஞ்சள் என்று கண்ணைப் பறிப்பவை ஒட்டுச்செடிகள். விலையும் அதிகம். இன்னொன்று விதையிலிருந்து வளர்ந்த சாதாரண ஒற்றை இதழ் ரோஸ். முதல் செடிக்கு இந்தச் சாதாரணத்தையே வாங்குங்கள். தப்புச் செய்தாலும் தாங்கும், கிழங்கும் நன்றாகப் பருக்கும். ஒட்டுச்செடி வாங்கித்தான் தீருவேன் என்றால் ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: ஒட்டுப் போட்ட இடத்துக்குக் கீழே துளிர் வந்தால் உடனே கிள்ளிவிட வேண்டும். விட்டால் கீழ்த்துளிர் முந்திக்கொண்டு வளரும், காசு கொடுத்து வாங்கிய நிறம் நலிந்து போய்விடும்.

வாங்குகிற மாதமும் முக்கியம். மாசி, பங்குனியில் வாங்குங்கள். நான் வாங்கிய மாதிரி மழைக்கு முன்னால் வேண்டாம்.

மண்ணும் தொட்டியும்

என் கலவை: செம்மண் ஒரு பங்கு, பருமணல் இரண்டு பங்கு, சுண்டைக்காய் அளவுக்கு உடைத்த செங்கல் ஒரு பங்கு, நன்றாக மக்கிய தொழுஉரம் ஒரு பங்கு. ஒரு பிடி வேப்பம் பிண்ணாக்கு. ஆற்று மணல் கிடைக்காமல் எம்-சாண்ட் போடுகிறவர்கள் அதை வாளியில் போட்டு மூன்று நான்கு தண்ணீரில் அலசிவிடுங்கள். அதிலுள்ள தூள் போகாவிட்டால் தொட்டிக்குள் தளம் போட்ட மாதிரி இறுகிவிடும். கலவை சரியா என்று பார்க்க ஒரு சுலப வழி இருக்கிறது. தொட்டியில் நிரப்பி ஒரு மக் தண்ணீர் ஊற்றுங்கள். பத்து எண்ணுவதற்குள் அடியில் ஒழுக ஆரம்பிக்க வேண்டும். மேலே குளம் கட்டி நின்றால் இன்னும் மணல் சேருங்கள்.

தேங்காய் நார்க்கழிவு வேண்டவே வேண்டாம், மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இதில் என்னோடு சண்டை போடுகிறவர்கள் உண்டு. அவர்கள் மாடியில் கூரை இருக்கிறது, என் மாடியில் இல்லை.

தொட்டி மண்தொட்டிதான். பிளாஸ்டிக் தொட்டியில் இரண்டு நாளில் காய வேண்டியது ஆறு நாள் ஆகிறது. ஆழமானது வேண்டாம். கிழங்கைவிட இரண்டு விரல் அகலம் கூடுதலாக, தாம்பாளம் மாதிரி பரந்த தொட்டி நல்லது. அடியில் ஓட்டை கட்டைவிரல் நுழைகிற அளவு இருக்கட்டும். கீழே தட்டு வைக்காதீர்கள்.

நடுவது

நர்சரிப் பையைக் கிழித்துவிட்டு அப்படியே தொட்டியில் இறக்கிவிடுவதுதான் பலரும் செய்வது. நானும் செய்தேன். பைக்குள் இருப்பது பெரும்பாலும் நார்க்கழிவு உருண்டை. அதைச் சுற்றி நீங்கள் எவ்வளவு நல்ல மண் போட்டாலும், நடுவில் அந்த உருண்டை மட்டும் ஈரப் பஞ்சு மாதிரி தண்ணீரைப் பிடித்துக்கொண்டு கிழங்கோடு ஒட்டி நிற்கும். ஆகவே வேரைச் சுற்றியுள்ளதை எல்லாம் விரலால் உதிர்த்து, தண்ணீரில் அலசி எடுத்துவிடுங்கள். ஒடிந்த வேரை நறுக்குங்கள். பிறகு செடியை நிழலில் வெறுந்தரையில் மூன்று நாள் போட்டுவிடுங்கள். கூரியரில் மண் இல்லாமல் வருகிற செடிக்கும் இதே வைத்தியம்தான். அம்மாவுக்கு இது பொறுக்கவில்லை. "பச்சைச் செடிய இப்படி வெயில்ல கருவாடு மாதிரி போட்டு வச்சிருக்கியே" என்றார். வெயில் இல்லை அம்மா, நிழல்தான்.

நடும்போது பழைய மண் மட்டத்தைவிட ஓர் அங்குலம் கிழங்கை மேலே தூக்கி வையுங்கள். நட்டதும் தண்ணீர் ஊற்றக் கூடாது. மற்ற எல்லாச் செடிக்கும் நட்ட கையோடு தண்ணீர் விட்டே பழகியதால் கை தானாகப் போகும். அடக்கிக்கொள்ளுங்கள். வேரில் பட்ட காயம் ஆற ஐந்து நாள் வேண்டும். ஆறாம் நாள் ஊற்றலாம். ஒரு வாரம் நிழலில் வைத்துவிட்டு அப்புறம் முழு வெயிலுக்கு மாற்றுங்கள். ஆறு மணி நேர வெயிலாவது வேண்டும். பால்கனியில் காலை இரண்டு மணி நேர வெயில் என்றால் செடி உயரமாகப் போகுமே தவிரப் பூக்காது.

எப்போது தண்ணீர்: இரண்டு மெத்து

ஈரம் பார்க்கும் மீட்டர் ஒன்று வாங்கினேன். காசுக்குப் பிடித்த கேடு. துடைப்பத்திலிருந்து ஓர் ஈர்க்குச்சி உருவி, தொட்டி ஓரமாக அடிவரை செருகி, ஒரு நிமிடம் கழித்து எடுங்கள். மண் ஒட்டிக்கொண்டு வந்தால் தண்ணீர் வேண்டாம். சுத்தமாக வந்தால் ஊற்றுங்கள், அடியில் ஒழுகும்வரை. சித்திரையில் எனக்கு இரண்டு நாளுக்கு ஒருமுறை. மார்கழியில் பத்து நாளுக்கு ஒருமுறை.

இப்போது அந்தச் சொம்புக்கு வருகிறேன். கிழங்கு மெத்தென்று ஆவதற்கு இரண்டு காரணம் உண்டு, இரண்டும் ஒன்றுக்கொன்று நேர் எதிர். தாகத்திலும் மெத்தென்று ஆகும், அழுகினாலும் ஆகும். தாகம் என்றால் கிழங்கு முழுதும் ஒரே சீராகத் தளரும், பழைய பலூன் மாதிரி. தோல் சுருங்கியிருக்கும், மண் காய்ந்திருக்கும். தண்ணீர் ஊற்றினால் ஒரு வாரத்துக்குள் மறுபடி கெட்டியாகும். அழுகல் அப்படி இல்லை. ஒரு பக்கம் மட்டும், பெரும்பாலும் மண்ணைத் தொடும் இடத்தில், கட்டைவிரல் உள்ளே போகும். மறுபக்கம் கல் மாதிரி இருக்கும். அந்த இடத்தில் தோல் கறுத்து, ஈரம் கசியும். மூக்கருகே கொண்டுபோனால் வாடை தெரியும். மண் ஈரமாக இருக்கும்போதே கிழங்கு மெத்தென்று இருந்தால் அது தாகமே இல்லை. சொம்பைக் கீழே வைத்துவிட்டுக் கத்தியை எடுங்கள்.

அழுகினால் அறுவை

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எல்லாத் தொட்டியையும் மாடிப்படிக்கு அடியில் கொண்டுபோய் வைத்தேன். ஒன்று மட்டும் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் மறந்துவிட்டது. ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் கிழங்கின் இடது பக்கம் பழுத்த சப்போட்டா.

செடியைப் பிடுங்கி, கழுவி, துடைத்தேன். புது பிளேடு போட்ட கட்டரால் அழுகிய பகுதியைச் சீவிக்கொண்டே போனேன். சமையலறைக் கத்தி வேண்டாம், தடிமனாக இருப்பதால் நசுக்கும். அதோடு விஷப்பால். ஒவ்வொரு சீவலுக்கும் பிளேடைச் சானிடைசரால் துடைக்க வேண்டும், இல்லையென்றால் அழுகலை நாமே நல்ல சதைக்குத் தடவிவிடுகிறோம். உள்சதை முள்ளங்கி மாதிரி வெள்ளையாக, ஒரு பழுப்புப் புள்ளிகூட இல்லாமல் தெரியும்வரை நிறுத்தக் கூடாது. இங்கேதான் எல்லாரும் இரக்கப்பட்டு நிறுத்திவிடுவார்கள். குண்டூசித் தலையளவு பழுப்பை விட்டாலும் பத்து நாளில் திரும்ப வரும். என் செடியில் கிழங்கின் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது.

வெட்டுவாயில் கார்பன்டாசிமும் மான்கோசெப்பும் கலந்த பூஞ்சணக்கொல்லியைக் குழைத்துப் பூசினேன். உரக்கடையில் சின்னப் பாக்கெட்டாகவே கிடைக்கும். மஞ்சள்தூள் போதும் என்பார்கள், சின்னக் கீறலுக்குப் போதும். அப்புறம் செடியைச் சணல் கயிற்றில் கட்டி, மாடிப்படிக்கு அடியில் தலைகீழாகத் தொங்கவிட்டேன். பதினைந்து நாளில் வெட்டுவாய் கொப்பரை மாதிரி காய்ந்து கெட்டியானது. வெறும் மணலும் செங்கல் துண்டும் கலந்து நட்டு, ஒரு வாரம் கழித்துத்தான் முதல் தண்ணீர். மாசிக் கடைசியில் துளிர்த்தது. இப்போது அந்தக் குழிப் பக்கம்தான் பார்க்க அழகாக இருக்கிறது, ஏதோ பாறைப் பொந்து மாதிரி.

கிழங்கு முழுவதும் போய்விட்டதென்றால் கெட்டியாக உள்ள கிளையை வெட்டி, ஒரு வாரம் காயவைத்து நடலாம். வேர் பிடிக்கும். ஆனால் அந்தப் பழைய தொந்தி அவ்வளவு லேசில் வராது.

கவாத்து, உரம்

பூ கிளை நுனியில்தான் வரும். நுனி கூடினால் பூ கூடும். மாசியில் ஒவ்வொரு கிளையையும் பாதிக்கு வெட்டுங்கள், வெட்டுவாயில் அதே மருந்து. ஒரு கிளைக்கு இரண்டு மூன்று துளிர் வரும். வைகாசி வாக்கில் பூக்கும். உரம் மாதம் ஒரு பிடி மண்புழு உரம், மொட்டு வைக்கும் சமயம் கொஞ்சம் சாம்பல் சத்து (பொட்டாஷ்). தழைச்சத்து (நைட்ரஜன்) அதிகமானால் இலைதான்.

பிறகு சேர்த்தவை

இந்தப் பதிவைப் படித்து வந்த கேள்விகளில் பாதி, "மார்கழியில் இலை எல்லாம் கொட்டிவிட்டது, செத்துவிட்டதா?" என்பதுதான். கிழங்கு கெட்டியாக இருந்தால் தூங்குகிறது. தண்ணீரைக் குறைத்துவிட்டு விடுங்கள்.

கோயம்புத்தூரிலிருந்து ஒரு அக்கா, ஒரே ராத்திரியில் இலை முழுதும் மொட்டையாகிவிட்டது என்று படம் அனுப்பியிருந்தார். கிளையோடு கிளையாக விரல் தடிமனில் ஒரு பச்சைப் புழு, தலைப்பக்கம் நீலக்கண் மாதிரி இரண்டு பொட்டு. அரளியைத் தின்னும் அந்துப்பூச்சியின் புழு அது. விஷப்பால் அதை ஒன்றும் செய்யாது. மருந்தடிக்க வேண்டாம், கையால் எடுத்துப் போட்டால் போதும். மாவுப்பூச்சிக்கு மட்டும் வேப்பெண்ணெயைச் சோப்புத் தண்ணீரில் கலந்து சாயங்காலத்தில் அடியுங்கள்.

இன்னொருவர், செடியில் மாட்டுக்கொம்பு மாதிரி ஜோடியாக ஏதோ முளைத்திருக்கிறது, வெட்டிவிடலாமா என்று கேட்டார். ஐயோ, அது விதைக்காய். மாடியில் அபூர்வமாகத்தான் பிடிக்கும். காய் முற்றி வெடிக்கும்போது, இரண்டு பக்கமும் பஞ்சு வைத்த விதைகள் காற்றில் பறந்துவிடும். அதனால் இப்போதே பூக்கட்டுகிற நூலால் காயைச் சுற்றி நான்கு இடத்தில் தளர்வாகக் கட்டிவையுங்கள்.