ஸ்டேஷன் ஊருக்குப் போதுமா? அளந்து பார்க்கும் வழி

பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஸ்டேஷனைப் பார்க்க வரும் நம்மவர்கள் பலர் கேட்பது ஒன்றுதான்: "இவ்வளவுதானா?" தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நட்டால் மாகாணத் தலைநகரம். 1893 ஜூன் 7 இரவு காந்தியை வண்டியிலிருந்து இறக்கிவிட்ட இடம். ஆனாலும் அந்தச் செங்கல் கட்டடம் ஏதோ சிற்றூருக்குக் கட்டியது போலத்தான் தெரியும். கட்டடத்தை வைத்து ஸ்டேஷனின் அளவைச் சொல்லக்கூடாது. டர்பனின் பழைய ஸ்டேஷன் பார்வைக்கு அரண்மனை மாதிரி. 1980-இல் ரயில்கள் புது இடத்துக்குப் போன பிறகும் கட்டடம் கம்பீரமாக நிற்கிறது, ஒரு வண்டியும் வராது. அளக்க வேண்டியவை மூன்று: பிளாட்பாரம் எத்தனை நிமிடம் அடைபடுகிறது, படிக்கட்டு எவ்வளவு அகலம், வண்டி எவ்வளவு நீளம்.

வார நாளில் காலை 6 முதல் 8 வரை போங்கள். நண்பகலில் எந்த ஸ்டேஷனும் பெரிதாகத்தான் தெரியும். டிக்கெட் எடுத்துக்கொண்டு உள்ளே நில்லுங்கள். குறிப்பெழுதச் சின்ன நோட்டு போதும். இங்கே கூட்டத்தில் போனை நீட்டிக்கொண்டு நிற்பது நல்லதல்ல.

முதலில், வண்டி ஊடே போகிறதா, அங்கேயே முடிந்து திரும்புகிறதா என்று பாருங்கள். கணக்கே இதில்தான் மாறும். ஊடே போகும் வண்டி 1 நிமிடம் நின்று, அது விலகி அடுத்தது நுழைய 2 நிமிடம் ஆகிறது என்று வையுங்கள். ஆக 3 நிமிடம். மணிக்கு 20 வண்டி. தாமதத்துக்கு இடம் விட்டு முக்கால் பங்கை மட்டும் எடுத்தால் 15. அதே பிளாட்பாரத்தில் வண்டி முடிந்து, டிரைவர் வண்டியின் மறுகோடிக்கு நடந்து போய்த் திரும்பப் புறப்பட 15 நிமிடம் என்றால், மொத்தம் 18. மணிக்கு 3 வண்டிக்குச் சற்று மேல்தான், முக்கால் பங்கென்றால் இரண்டரை. அதனால் இரண்டே பிளாட்பாரம் உள்ள ஊடு ஸ்டேஷன், வண்டிகள் முடிந்து திரும்பும், பத்து பிளாட்பாரம் உள்ள முட்டு ஸ்டேஷனைவிட அதிக வண்டிகளைக் கையாள முடியும். துருப்பிடித்த தண்டவாளம் உள்ள பிளாட்பாரத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள். பெயர்ப்பலகையில் எண் இருக்கும், வண்டி வந்து வருஷங்கள் ஆகியிருக்கும்.

அடுத்தது படிக்கட்டு. பெரும்பாலும் குட்டு உடைவது இங்கேதான். லண்டன் சுரங்க ரயிலின் திட்ட அளவுப்படி, எல்லோரும் ஒரே திசையில் போகும் படியில் 1 மீட்டர் அகலத்துக்கு நிமிடத்துக்கு 35 பேர், இரு திசையிலும் நடந்தால் 28 பேர். டேப்பை எடுத்தால் காவலர் வந்து நிற்பார். கைகளை விரியுங்கள், விரித்த கைகளின் நீளம் ஏறத்தாழ உங்கள் உயரம். 2.5 மீட்டர் படியில் இரு திசைக்கும் சேர்த்து நிமிடத்துக்கு 70 பேர். ஒரு வண்டியிலிருந்து 800 பேர் இறங்கினால், அந்தக் கணக்கில் அவர்கள் கலையவே பதினோரு நிமிடத்துக்கு மேல். 10 நிமிடத்துக்கு ஒரு வண்டி வந்தால் முந்தைய கூட்டம் கலையுமுன் அடுத்தது இறங்கும். டர்பனில் வார்விக் சந்தைகளை ஒட்டிய பெரியா ரோடு போன்ற ஸ்டேஷனில் இன்னொன்றும் உண்டு: படி இறங்கியதும் நடைபாதைக் கடைகள். கூட்டம் அங்கே தேங்கினால் பின்னால் படியும் தேங்கும். ஆகவே படியின் அகலத்தோடு, படி முடிந்த இடத்தில் என்ன இருக்கிறது என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

வண்டி நீளத்துக்கு அதிகம் மெனக்கெட வேண்டாம். பெட்டிகளை எண்ணுங்கள்; கடைசிப் பெட்டி பிளாட்பாரத்துக்குள் நிற்கிறதா, அவ்வளவுதான். கிபேலா நிறுவனம் கட்டும் 6 பெட்டி நீல நிறப் புறநகர் ரயில் சுமார் 1,200 பேரை ஏற்றும். 15 பேர் ஏறும் மினிபஸ் டாக்சியாகக் கணக்கிட்டால் அது 80 டாக்சி.

அந்த 80 டாக்சியும் ஏன் ரோட்டில் ஓடுகின்றன என்று கேட்டால்தான் கணக்கு முழுமையாகும். கேபிள் திருட்டில் சிக்னல் போனால் ஒவ்வொரு வண்டிக்கும் தனித்தனியாக அனுமதி வாங்கி நகர்த்த வேண்டும். மணிக்கு 15 என்று நீங்கள் போட்ட இடத்தில் நாலைந்துகூடத் தேறாது. 2022 ஏப்ரல் வெள்ளம் டர்பன் சுற்றுவட்டாரத்தில் பல இடங்களில் பாதையையே அரித்துக்கொண்டு போனது. சேவை குறைந்த நாளில் எண்ணினால் இரண்டு தவறு நேரும்: ஆளில்லாத பிளாட்பாரத்தைப் பார்த்து ஸ்டேஷன் தாராளம் என்பீர்கள், ரத்தான வண்டியின் கூட்டமும் அடுத்ததில் இறங்கும்போது சிறியது என்பீர்கள். ரத்தானவற்றைத் தனிப்பத்தியில் குறியுங்கள். டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் கேட்டால், ஸ்டேஷன் சிறியது என்று யாரும் குறைப்பட மாட்டார்கள். வண்டி வருமா என்பதுதான் பேச்சு. பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலும் விஷயம் அதுதான். அங்கே நிற்பது பெரும்பாலும் நெடுந்தூர வண்டி. ஊரின் அன்றாடக் கூட்டம் சாலையில் போகிறது. இருக்கும் வண்டிகளுக்கு அந்த ஸ்டேஷன் போதும்.

அளந்து பார்த்ததில் படிதான் குறுக்கே நிற்கிறது என்றால், பூட்டிக் கிடக்கும் இரண்டாவது வாயிலைத் திறக்கச் சொல்லிக் கேளுங்கள். அநேக ஸ்டேஷனில் அப்படி ஒன்று இருக்கும், செலவும் சொற்பம். பிளாட்பாரம் அடைபடுகிறது என்றால், வண்டி திரும்பும் இடத்தை அடுத்த ஸ்டேஷனுக்குத் தள்ளலாம். பிளாட்பாரத்தை நீட்டுவது கடைசி வழி: கோடியில் தண்டவாளம் பிரியும் பாயிண்ட்டையும் சிக்னலையும் நகர்த்த வேண்டிவரும், கான்கிரீட்டைவிட அதற்குத்தான் பணம் போகும்.