பாகப்பிரிவினையில் நடுநிலை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

செட்டிநாட்டுப் பெருவீடு ஒன்றைப் பாகம் பிரிக்க உட்காரும்போது, நடுநிலையான ஒருவரை வைத்துப் பேசலாம் என்பதில் எல்லாப் பங்காளிகளும் ஒத்துப்போகிறார்கள். ஆனால் நடுநிலை என்றால் என்ன என்பதில் ஆளுக்கொரு கருத்து இருக்கிறது. அதனாலேயே பல வீடுகளில் பேச்சு நீதிமன்ற வழக்காகி, முகப்பு பூட்டிக் கிடக்க, மழையில் ஓடு சரிகிறது.

மிகுதியாக நடக்கும் தவறு, இரு தரப்பும் சொன்ன தொகைகளைக் கூட்டிப் பாதியாக்குவது. ஊரிலேயே இருந்து வீட்டை மராமத்துப் பார்த்துவந்த தம்பி, அண்ணன் பங்குக்கான செலவாக ஆறு லட்சம் கேட்கிறார். சென்னையில் இருக்கும் அண்ணன் இரண்டு லட்சத்துக்கு மேல் தர மறுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நான்கு லட்சம் என்று முடித்தால், தம்பியின் கணக்கு உண்மையாக இருந்தால் அவருக்கு நட்டம், கூட்டிச் சொன்னதாக இருந்தால் பொய்க்குப் பரிசு. பேரேட்டைப் பிரித்து, ஓடு வாங்கிய ரசீது எது, தச்சர் கூலி எவ்வளவு, அந்த வேலை வளவு எனப்படும் பொதுவான முற்றப் பகுதிக்கு நடந்ததா, தம்பியின் சொந்த அறைக்கு நடந்ததா என்று வரி வரியாகப் பார்க்க வேண்டும். ஐந்தரை லட்சம் என்று வந்தால் அதையே சொல்ல வேண்டும். முடிவு ஒருவருக்குச் சாதகமாக இருப்பதாலேயே நடுவர் சாய்ந்துவிட்டார் என்று ஆகாது.

அடுத்தது, உறவை மறைப்பது. செட்டிநாட்டு வணிகச் சமூகத்தாரான நகரத்தார், தங்கள் குலப் பிரிவுகளுக்குரிய ஒன்பது கோயில்களின் வழியே பங்காளிகளாகவும் சம்பந்திகளாகவும் பின்னிக் கிடப்பவர்கள். இரு தரப்புக்கும் உறவே இல்லாத பெரியவரை ஊருக்குள் தேடுவது கடினம். ஆகவே உறவு, கூட்டு வியாபாரம், கொடுக்கல் வாங்கல் எல்லாவற்றையும் முதல் நாளே இரு தரப்பு முன்னிலையில் சொல்லிவிடுவதுதான் முறை. நடுவர் தீர்ப்பு குறித்த 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12ஆவது பிரிவும், நடுவராக அழைக்கப்படுபவர் இத்தகைய தொடர்புகளை எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்கிறது. வீட்டுப் பஞ்சாயத்துக்கும் அது நல்ல வழிகாட்டி.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது, ஊர் வழக்கம் என்று சொல்லிப் பெண்மக்களைப் பேச்சுக்கே அழைக்காமல், அதையும் நடுநிலை என்பது. பூர்விகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்கு இணையான உரிமையைத் தமிழ்நாடு 1989இல், மணமாகாத பெண்களுக்கு என்ற வரம்போடு அளித்தது. 2005ஆம் ஆண்டின் மத்தியச் சட்டத் திருத்தம் மணமான மகள்களையும் சேர்த்துக்கொண்டது. தந்தை அப்போது உயிரோடு இருந்திருக்கத் தேவையில்லை என்று 2020இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. சீர் செய்தாகிவிட்டது என்பது இந்த உரிமைக்கு விடை ஆகாது. அண்ணன் தம்பிக்குள் மட்டும் சமமாகப் பிரித்துக் கொடுப்பவர், கூடத்துக்கு வராத சகோதரிக்கு எதிராக ஏற்கெனவே தீர்ப்பளித்துவிட்டார்.

வாய் திறக்காமல் இருப்பதையும் சிலர் நடுநிலையாக எண்ணுகிறார்கள். 1815இல் ஐரோப்பிய வல்லரசுகளால் நடுநிலை நாடாக ஏற்கப்பட்ட சுவிட்சர்லாந்துகூட, 2022இல் ரஷ்யா மீதான ஐரோப்பியத் தடைகளில் சேர்ந்துகொண்டது. பத்திரத்தில் திருத்தம் இருப்பதைக் கண்ட நடுவர் பேசாமல் இருந்தால், திருத்தியவருக்கே உதவுகிறார்.

ஒரு தரப்பின் வீட்டில் தனியாக உட்கார்ந்து கேட்டதை மறு தரப்புக்குச் சொல்லாமல் விடுவதும் கூடாது. எந்த ரசீதை ஏற்றோம், எதைத் தள்ளினோம், ஏன் என்பதை எழுதி, சகோதரிகள் உட்பட எல்லாப் பங்குதாரர்களுக்கும் பத்திரப் பதிவுக்கு முன்பே ஒரு படி கொடுத்துவிட வேண்டும்.