கான்டன் ஃபேர் போகிறவர்கள் ஊருக்கு என்ன வாங்கி வரலாம்?

ஏப்ரலும் அக்டோபரும் வந்தால் திருப்பூரிலிருந்து சீனாவின் குவாங்சோவுக்கு ஒரு கூட்டமே கிளம்பும். 1957 முதல் அங்கே நடக்கும் கான்டன் ஃபேர் என்ற வணிகக் கண்காட்சியில் மெஷின் பார்க்கப் போகிறவர்கள் பாதி, என்னைப் போல ஜிப், பட்டன், லேஸ் என்று அக்செசரீஸ் தேடிப் போகிறவர்கள் மீதி. வேலை முடிந்த கடைசி நாள் சாயங்காலம்தான் வீட்டு ஞாபகம் வருகிறது. ஹோட்டலுக்குப் பக்கத்துக் கடையில் சாவிக்கொத்து, ஃப்ரிட்ஜ் காந்தம், டிராகன் போட்ட விசிறி என்று பை நிறைய அள்ளிக்கொண்டு வருகிறோம். சீனாவின் இயூ நகரத்து மொத்தச் சந்தையிலிருந்து உலகம் முழுக்கப் போகிற சரக்கு அது. கோயமுத்தூர் டவுன்ஹால் பக்கம் போனாலே கிடைக்கும். அதற்காகப் பெட்டியில் இடத்தை வீணாக்க வேண்டாம்.

நான் பார்ப்பது ஒன்றுதான்: போன ஊரின் சரக்கா, இல்லையா. ஜமக்காளத்துக்குப் பவானி இருக்கிற மாதிரி, அங்கே பீங்கானுக்கு ஜிங்டேசென், எம்பிராய்டரிக்கு சூசோ, லோங்ஜிங் என்ற கிரீன் டீக்கு ஹாங்சோ. அந்த ஊர்களுக்குப் போகும்போது அவற்றை வாங்கலாம். குவாங்சோவில் இறங்கினால் குவாங்டாங் மாகாணத்தில் விளைந்ததை, அங்கே கை பட்டதை வாங்குங்கள். கடைக்குக் கடை ஒப்பிட்டுப் பார்க்க முடியும், உள்ளூர்க்காரர்கள் எதை எடுக்கிறார்கள் என்றும் தெரியும்.

துணித் தொழிலில் இருப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது ஷியாங்யுன்ஷா என்ற பட்டு. பக்கத்திலுள்ள ஷுண்டே பகுதியில் செய்கிறார்கள். குவாங்சோ மெட்ரோவிலேயே ஷுண்டே போய்விடலாம். ஒருவகைக் கிழங்கின் சாற்றில் பட்டுத் துணியை நனைத்து, புல்தரையில் விரித்து வெயிலில் காயவைத்து, திரும்பத் திரும்ப நனைத்துக் காயவைப்பார்கள். துணி செங்காவி நிறத்துக்கு வந்ததும் ஒரு பக்கம் மட்டும் ஆற்றுச் சேற்றைப் பூசுவார்கள். சேற்றிலுள்ள இரும்பும் கிழங்கின் துவர்ப்பும் சேர்ந்து அந்தப் பக்கம் கறுப்பாகிவிடும். நம்மிடம் கடுக்காயும் இரும்பும் சேர்த்துக் கறுப்புச் சாயம் எடுப்பதும் இதே வேதியியல்தான். சாயப்பட்டறைக்காரர் ஒருவர் கையில் இதைக் கொடுத்துப் பாருங்கள், அரைமணி நேரம் பேசுவார்.

பார்த்து வாங்க வேண்டியது இப்படி: பழைய முறைத் துணியில் முன்பக்கம் பளபளக்கும் கறுப்பு, பின்பக்கம் காவி. கிட்டே பார்த்தால் மேலே மெல்லிய வெடிப்புக் கோடுகள் ஓடும், ஓரங்களில் நிறம் ஒரே சீராக இருக்காது. புதிதில் கொஞ்சம் மொடமொடப்பாக இருக்கும், உடுத்த உடுத்த மெத்தென்று ஆகும். வியர்வைக்கு உடம்பில் ஒட்டாது. விலை அதிகம்தான். அதனால் முழுச் சட்டை வேண்டாம், ஒரு துண்டோ சின்னப் பையோ போதும். கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்: மெஷினில் போடக்கூடாது, தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்த வேண்டும்.

சாதாரணப் பட்டு வாங்கினால் கனத்தைக் கேளுங்கள். அங்கே மொம்மி என்று சொல்வார்கள்; ஒரு மொம்மி நம் கணக்கில் சுமார் 4.34 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்). 19 மொம்மி என்றால் 82 ஜிஎஸ்எம் பக்கம் வரும், ஸ்கார்ஃபுக்குத் தாராளம். மீட்டர் கணக்கில் விற்கும் கடையில் ஒரு நூல் கேட்டு வாங்கி வெளியே வந்து கொளுத்திப் பாருங்கள். பட்டு முடி கருகும் வாடை அடிக்கும், சாம்பல் விரலில் பொடியும். பாலியெஸ்டர் உருகி முத்தாகும். விஸ்கோஸ் காகிதம் மாதிரி எரியும்.

பீங்கானில் குவாங்சோவுக்கே உரியது குவாங்சாய். ஜிங்டேசென்னிலிருந்து வெள்ளைப் பாத்திரத்தைக் கொண்டுவந்து, மேலே சிவப்பும் பச்சையும் தங்கமுமாகத் தீட்டி, இங்கிருந்து ஐரோப்பாவுக்குக் கப்பல் ஏற்றினார்கள். கையால் தீட்டியதா, ஸ்டிக்கர் ஒட்டிச் சுட்டதா என்று கண்டுபிடிக்க நம் கைப்பையில் இருக்கும் இழை எண்ணும் லென்ஸே போதும். ஒட்டியதில் நிறம் பொடிப்பொடிப் புள்ளிகளாகத் தெரியும். தீட்டியதில் தூரிகை அழுந்திய இடமும் விட்ட இடமும் வேறுவேறாக இருக்கும், ஒரே பூ இரண்டு தட்டில் ஒன்றுபோல் வராது. விரலால் தடவினால் சாயம் லேசாக மேலெழுந்து நிற்கும். அடியில் பழைய பேரரசரின் முத்திரை இருப்பதால் பழசு என்று நினைத்துவிடாதீர்கள், புதுப் பாத்திரத்திலும் அதைப் போடுவது அங்கே வழக்கம்.

நேரம் குறைவு என்றால் சென் குடும்பத்தாரின் முன்னோர் மண்டபத்துக்குப் போய்விடுங்கள். பல ஊர்ச் சென் குடும்பங்கள் பணம் போட்டு 1894ல் கட்டி முடித்தது, நம் கூட்டத்துக் குலதெய்வக் கோயில் மாதிரி. இப்போது குவாங்டாங் நாட்டுப்புறக் கலை அருங்காட்சியகம். நல்ல வேலைப்பாடு எப்படி இருக்கும் என்று அங்கே கண்ணைப் பழக்கிக்கொண்டால் வெளியில் வாங்குவது சுலபம்.

டீயை யாருக்குக் கொடுக்கிறோம் என்று யோசித்து வாங்க வேண்டும். பாலில் கொதிக்கவைத்துக் குடிக்கும் வீட்டுக்கு லோங்ஜிங் கொடுத்தால் வீணாகிவிடும், பாவம். பால் இல்லாமல் குடிப்பவர்களுக்கு சாவோசோ பக்கத்து மலையில் விளையும் டான்சோங் ஊலோங் டீ நல்ல தேர்வு. அதில் ஒருவகை தேனும் பூவும் கலந்த மணம் வீசும். குவாங்சோவின் ஃபாங்சுன் டீச் சந்தையில் குடித்துப் பார்த்த பிறகுதான் காசு கொடுக்க வேண்டும், கடைக்காரரே உட்காரவைத்து ஊற்றித் தருவார். யுன்னானின் பூஏர் டீயை 357 கிராம் வட்டுகளாக அங்கேயே விற்கிறார்கள். இருபது வருடப் பழசு என்று சொல்வதற்குக் காசு கூடக் கொடுக்காதீர்கள். அண்மை வருடத்து வட்டு போதும்.

என் அமுச்சிக்கு (பாட்டிக்கு) நான் வாங்குவது சின்ஹுய் ஊரின் சென்பி. மாண்டரின் ஆரஞ்சின் தோலைக் காயவைத்து, குறைந்தது மூன்று வருடம் வைத்த பிறகே அந்தப் பெயரில் விற்கிறார்கள். வெந்நீரில் ஒரு துண்டு போட்டால் போதும். நான் கொடுத்த பரிசுகளில் காலியானதும் அவர் திரும்பக் கேட்டது இது ஒன்றைத்தான்.

கட்டிங் மாஸ்டருக்கு மட்டும் என் விதியை விட்டுவிடுவேன். ஹாங்சோவின் ஜாங் சியாவ்சுவான் கத்திரிக்கோல், முந்நூறு வருடத்துக்கு மேல் பழைய பெயர். அந்தக் கம்பெனியின் சொந்தக் கடையில் மட்டும் எடுங்கள்.

ஜேட் கல் வேண்டாம். அமிலத்தில் ஊறவைத்து பிசின் ஏற்றியதும் சாயம் ஏற்றியதும் நம் கண்ணுக்குப் பிடிபடாது. பழம்பொருள் என்று சொல்லி விற்பதையும் தொடாதீர்கள். 1911க்கு முந்தைய கலைப்பொருட்களை சீனாவிலிருந்து வெளியே கொண்டுபோகத் தடை இருக்கிறது. தந்தத்தில் செய்தது எதுவும் இரண்டு நாட்டிலும் குற்றம்.

பணத்துக்கு, கிளம்பும் முன்பே அலிபே என்ற பணம் செலுத்தும் செயலியில் உங்கள் விசா கார்டைச் சேர்த்துவிடுங்கள். பில்லைக் கேட்டு வாங்கி வையுங்கள், கஸ்டம்ஸில் கேட்டால் காட்டலாம். பீங்கானை சாம்பிள் டி-ஷர்ட்டுகளில் சுற்றிக் கைப்பையில் வையுங்கள், கத்திரிக்கோல் மட்டும் செக்-இன் பெட்டிக்கு.