புத்தாக்குநர் என்ற இடத்தில் யாருடைய பெயர்?

கல்முனையில் மா அரைக்கும் இயந்திரமும் மிளகாய் அரைக்கும் இயந்திரமும் செய்து விற்கிறேன். பட்டறையில் வெல்டிங் செய்பவர்கள் எல்லோரும் ஆண்கள். சம்மாந்துறையிலும் களுவாஞ்சிக்குடியிலும் அந்த இயந்திரங்களோடு நாள் முழுவதும் மல்லுக்கட்டுபவர்களில் பாதிப் பேருக்கு மேல் பெண்கள். அந்தப் பெண்களிடமிருந்து யோசனை பெறுவது எப்படி, பெற்றால் புத்தாக்குநர் (கண்டுபிடித்தவர்) என்று யாருடைய பெயரைப் போடுவது என்பதை என்னைப் போன்ற சிறு முதலாளிகளுக்காக எழுதுகிறேன்.

புதியவற்றைக் கண்டுபிடிக்கும் வேலையில் பெண்களைச் சேர்த்தால் இலாபம் தானாகக் கூடும் என்று கருத்தரங்குகளில் சொல்வார்கள். நான் அதை நம்புவதில்லை. எந்தத் தொல்லை கண்ணில் படுகிறது என்பதுதான் மாறும். அமெரிக்காவின் 1976 முதல் 2010 வரையான மருத்துவ ஆக்கவுரிமைகளை (பேட்டன்ட்) ஆராய்ந்த ஒரு கட்டுரை 2021இல் ‘சயன்ஸ்’ இதழில் வந்தது. பெண்கள் மட்டுமே உள்ள குழுக்கள் பெண்களின் உடல்நலப் பிரச்சினைகளைக் கையில் எடுக்கும் வாய்ப்பு, ஆண்கள் மட்டுமே உள்ள குழுக்களைவிட 35 சதவீதம் அதிகமாம். உலக புலமைச் சொத்து அமைப்பின் கணக்குப்படி, 1999 முதல் 2020 வரை சர்வதேச ஆக்கவுரிமை விண்ணப்பங்களில் இடம்பெற்ற புத்தாக்குநர்களில் பெண்கள் 13 சதவீதம்தான்.

இயந்திரத்தில் வேலை செய்யும் பெண்களிடம் கூட்டம் போட்டுக் கருத்துக் கேட்காதீர்கள். “எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது தம்பி” என்ற பதிலோடு தேநீரைக் குடித்துவிட்டு எழும்ப வேண்டியதுதான். இயந்திரம் ஓடும்போது பக்கத்தில் நின்று, கை எங்கே தயங்குகிறது என்று பாருங்கள். சல்லடையைக் கழுவ ஒவ்வொரு முறையும் ஸ்பேனர் தேடிக்கொண்டிருந்த ஒரு ராத்தாவிடம், “கஷ்டமா?” என்று மட்டும் கேட்டிருந்தால் “ஓம்” என்றிருப்பார். “நீங்கள் செய்வதென்றால் எப்படிச் செய்வீர்கள்?” என்று கேட்டேன். “போத்தல் மூடி போல் கையால் திருகிக் கழற்ற வேண்டும்” என்றார். ஆக்கவுரிமை கிடைக்கும் அளவுக்கு அது புதியதல்ல. ஆனால் அப்படிச் செய்த இயந்திரத்தைத்தான் இப்போது கேட்டு வாங்குகிறார்கள்.

இந்த இரண்டாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். தொல்லையைச் சுட்டிக்காட்டுவதால் மட்டும் ஒருவர் புத்தாக்குநர் ஆவதில்லை. தீர்வைச் சொல்ல வேண்டும். சொன்ன வரைபடப்படி இரும்பை ஒட்டுபவரும் புத்தாக்குநர் அல்லர். (எங்கள் வெல்டர்களுக்கு இதில் என்மீது கோபம்.) ஆகவே யார் எதைச் சொன்னார் என்பதை அன்றே திகதியோடு கொப்பியில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். மாதிரி இயந்திரத்தை ஓட்டிப் பார்க்கும் நாளில் அவரையும் கூப்பிடுங்கள், கூலியோடு.

ஆக்கவுரிமைக்கு விண்ணப்பிக்கும் அளவுக்கு ஒன்று தேறினால், 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தைப் பாருங்கள். உங்கள் ஊழியர் தம் வேலையின் பகுதியாகக் கண்டுபிடித்ததன் உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், உங்களுக்கு. ஆனால் புத்தாக்குநராக அவருடைய பெயர் வர வேண்டும். வேண்டாம் என்றால் அவரே எழுதித் தர வேண்டும். அந்த ராத்தாவைப் போல வாடிக்கையாளரின் ஆலையில் வேலை செய்பவர் என்றால் அவர் உங்கள் ஊழியரே அல்லர். முதலிலேயே பங்கைப் பேசி எழுத்தில் வையுங்கள்.

கண்காட்சியில் வைத்துக் காட்டிவிட்டீர்களா? ஒரு வருடத்துக்குள் கொழும்பிலுள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் விண்ணப்பத்தைக் கொடுத்துவிடுங்கள். வெளிநாட்டிலும் உரிமை எடுக்கும் எண்ணம் இருந்தால் காட்டுவதற்கு முன்பே கொடுக்க வேண்டும். பல நாடுகளில் அந்த ஒரு வருடச் சலுகை கிடையாது.